மனுகா தேன் வாங்கும்போது எந்த எண்ணுக்குக் காசு கொடுப்பது?

மனுகா என்ற நியூசிலாந்துப் புதர்ச்செடியின் பூவிலிருந்து வரும் தேனை விற்கும் இணையக் கடையைத் திறந்தால் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே மாதிரி மூடி போட்ட புட்டிகள் வரிசையாக நிற்கும். வேறுபாடு எண்ணில் மட்டும்தான். ஒன்றில் எம்ஜிஓ 83+, அடுத்ததில் எம்ஜிஓ 514+, பக்கத்தில் யூஎம்எஃப் 10+, இன்னொன்றில் ‘ஆக்டிவ் 20+’. எண் கூடக்கூட விலையும் கூடும். மேல்படிகளில் தாவித் தாவி ஏறும். பெரிய எண்தான் நல்ல தேன் என்று நினைத்துக்கொண்டு, கையில் இருக்கும் பணத்துக்கு எட்டும் உயரத்தில் ஒன்றை எடுத்துவிடுகிறோம்.

காசு வீணாவது அங்கேதான். எம்ஜிஓ எண்ணும் யூஎம்எஃப் எண்ணும் சொல்வது ஒரே ஒரு வேதிப்பொருளின் அளவை. அந்தப் பொருளும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. தேன் புண்மேல் இருக்கப் போகிறதா, தொண்டையில் இறங்கப் போகிறதா, தோசைக்குத் தொட்டுக்கொள்ளப் போகிறதா என்பதை முதலில் முடிவு செய்தால், அலமாரியில் முக்கால்வாசியை யோசிக்காமல் ஒதுக்கிவிடலாம்.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பொருள்

எம்ஜிஓ என்றால் மெத்தில்கிளையாக்சால். மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட சின்ன மூலக்கூறு. மூலக்கூறு எடை 72. எதிரே புரதம் கிடைத்தால் போய் ஒட்டிக்கொள்ளும். பாக்டீரியாவை அது முடக்குவது அந்தக் குணத்தால்தான். மனுகாவுக்கு மட்டுமே சொந்தமான பொருளும் இல்லை. வறுத்த காப்பிக்கொட்டையில் இருக்கிறது, ரொட்டியில் இருக்கிறது, சோயா சாஸில் இருக்கிறது. சர்க்கரையை எரிக்கும்போது நம் உடலின் செல்களே இதை உண்டாக்குகின்றன. உண்டான கையோடு கிளையாக்சலேஸ் நொதிகள் அதை லாக்டிக் அமிலமாக மாற்றித் தீர்த்துவிடுகின்றன. சாதாரணத் தேன்களிலும் இது உண்டு, கிலோவுக்கு ஐந்தாறு மில்லிகிராமுக்குள்.

மனுகாவில் அது நூற்றுக்கணக்கில் போவதற்குக் காரணம் பூ. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் வளரும் லெப்டோஸ்பெர்மம் ஸ்கோபேரியம் என்ற மனுகாப் புதர்ச்செடியின் பூவில் சுரக்கும் மதுவில் டைஹைட்ராக்சி அசிட்டோன் என்ற பொருள் இருக்கிறது. இதைச் சுருக்கி டிஎச்ஏ என்பார்கள். வெயிலில் நிற்காமலே தோலைப் பழுப்பாக்கும் களிம்புகளில் சேர்ப்பதும் இதே டிஎச்ஏதான். தேன் அடையில் இருக்கும்போதும், எடுத்து டிரம்மில் அடைத்த பிறகும், டிஎச்ஏ மெல்ல நீரை இழந்து எம்ஜிஓவாக மாறுகிறது. இதற்குத் தேனீயின் நொதி எதுவும் வேண்டாம். நாளும் சூடும் போதும். அதனால் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மனுகாவில் எம்ஜிஓ குறைவாகவும் டிஎச்ஏ அதிகமாகவும் இருக்கும். மாதங்கள் போகப்போக எம்ஜிஓ ஏறும், டிஎச்ஏ இறங்கும். ‘புதுத்தேன்தான் வீரியம்’ என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே செல்லாது.

நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் பீட்டர் மோலன் 1980களிலேயே ஒன்றைக் கவனித்தார். மற்றத் தேன்களின் கிருமிநாசினிக் குணம் ஹைட்ரஜன் பெராக்சைடால் வருவது. கேட்டலேஸ் நொதியைச் சேர்த்துப் பெராக்சைடை அழித்துவிட்டால் அந்தக் குணம் போய்விடும். சில மனுகாத் தேன்களில் அப்படிச் செய்த பிறகும் குணம் போகவில்லை. அது எதனால் என்று தெரிய 2008 வரை ஆனது. அந்த ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹென்லேயின் குழு, காரணம் எம்ஜிஓதான் என்று காட்டியது. அவர்கள் சோதித்த மனுகாத் தேன்களில் கிலோவுக்கு 38 முதல் 761 மில்லிகிராம் வரை இருந்தது. ஒரே செடியின் பெயரில் வரும் தேனுக்குள்ளேயே இருபது மடங்கு வேறுபாடு. தர எண் என்று ஒன்று தேவைப்பட்டது இதனால்தான்.

எவ்வளவு நீர்த்தால் வீரியம் போகும்

அதே டிரெஸ்டன் ஆய்வில் இன்னோர் அளவும் உண்டு. வாங்குபவருக்கு உண்மையில் உதவுவது அதுதான். ஈ.கோலி, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இரு பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்க லிட்டருக்கு 1.1 மில்லிமோல் எம்ஜிஓ வேண்டும். மூலக்கூறு எடையால் பெருக்கினால் லிட்டருக்கு ஏறக்குறைய 79 மில்லிகிராம். இந்த 79ஐ மனத்தில் வைத்துக்கொண்டு புட்டிகளைப் பாருங்கள்.

ஒரு லிட்டர் தேனின் எடை சுமார் 1.4 கிலோ. எம்ஜிஓ 83 தேனை எடுத்துக்கொண்டால், தண்ணீர் படாத நிலையிலேயே லிட்டருக்கு 116 மில்லிகிராம்தான் இருக்கும். ஒரு பங்கு தேனுக்கு அரைப் பங்கு ஈரம் சேர்ந்தாலே 79க்குக் கீழே இறங்கிவிடும். எம்ஜிஓ 263 தேன் மூன்றரைப் பங்கு ஈரம் வரை தாங்கும். 514 தேன் எட்டுப் பங்கு. 829 தேன் பதின்மூன்று பங்குக்குச் சற்று மேல். நாட்டுத் தேனில் எம்ஜிஓ 5 என்றால், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே அது 7தான். அந்தத் தேனில் கிருமிக்கு எதிராக வேலை செய்வது வேறு பொருள்கள். அவற்றைப் பிறகு பார்ப்போம்.

இந்தக் கணக்கு எம்ஜிஓவின் பங்கை மட்டும் சொல்கிறது. தேனின் அமிலத்தன்மையும் சர்க்கரை அடர்த்தியும் தனியாக உதவும். 79 போதாத பாக்டீரியாக்களும் உண்டு. ஆனாலும் எந்தத் தரம் எங்கே உதவும், எங்கே உதவாது என்று பிரித்துப் பார்க்க இந்தக் கணக்கு போதும்.

இப்போது அதே தேனை ஒரு டம்ளர் வெந்நீரில் கலக்குங்கள். ஒரு தேக்கரண்டித் தேன் 7 கிராம், டம்ளரில் 150 மில்லி தண்ணீர். எம்ஜிஓ 829 தேன் என்றாலும் கிடைப்பது லிட்டருக்கு 37 மில்லிகிராம், தேவையில் பாதிகூட இல்லை. யூஎம்எஃப் 25+ என்று கடையின் உச்சியில் வைத்திருக்கும் எம்ஜிஓ 1200 தேனைக் கலந்தாலும் 54தான். விலை உயர்ந்த மனுகாவை இஞ்சிச் சாற்றிலும் எலுமிச்சை நீரிலும் கலந்து குடிப்பவர்கள் குடிப்பது இனிப்பு நீரைத்தான். அதற்கு எந்தத் தேனும் போதும்.

புண்ணுக்கு: எண் பேசும் ஒரே இடம்

தேன் நீர்க்காமல், மணிக்கணக்காக ஒரே இடத்தைத் தொட்டுக்கொண்டிருக்க முடிவது புண்மேல் போடும் கட்டில்தான். அங்கேகூடப் புண்ணிலிருந்து கசியும் நீர் தேனை நீர்க்கச் செய்துகொண்டே இருக்கும். கசிவு அதிகமுள்ள புண்ணுக்குக் குறைந்த தரத் தேன் வைத்தால் சில மணி நேரத்தில் வெறும் சர்க்கரைக் கரைசல் ஆகிவிடும். எம்ஜிஓ 263க்கும் 514க்கும் உள்ள விலை வேறுபாட்டுக்கு அர்த்தம் இருப்பது இங்கே.

ஆனால் அதற்காகச் சமையலறைப் புட்டியைத் திறந்து புண்ணில் தடவக் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். எம்ஜிஓ அந்த வித்துகளைக் கொல்வதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தத் தேனையும் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதே வித்துகள்தான்; யூஎம்எஃப் 25+ ஆனாலும் விதி மாறாது. மருத்துவத் தேன் என்று விற்பதைக் காமா கதிரால் கிருமி நீக்குகிறார்கள். சூடாக்கிக் கிருமி நீக்கினால் நொதிகள் கெடும். கதிரில் வித்து சாகிறது, தேனின் குணம் தங்குகிறது.

மருத்துவத் தேனில் இரண்டு வழி இருக்கிறது. குழாயில் வரும் களிம்பு ஒன்று. தேன் ஊறிய ஆல்ஜினேட் துணிக்கட்டு இன்னொன்று. மனுகா வகைத் தேனைக் கொண்ட மெடிஹனி கட்டுகளுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007இல் அனுமதி கொடுத்தது. குழியான புண்ணுக்குக் குழாய் வசதி. கசிவு அதிகமென்றால் துணிக்கட்டு நல்லது. ஆல்ஜினேட் நீரை உறிஞ்சிக்கொள்வதால் தேன் உடனே ஓடிவிடாது. அளவைப் பொறுத்தவரை மோலன் சொன்ன கணக்கையே இன்றும் பின்பற்றலாம்: 10 சென்டிமீட்டர் சதுரக் கட்டுக்கு 20 மில்லி தேன். பலர் மெல்லிசாகப் பூசிவிட்டுத் தேன் வேலை செய்யவில்லை என்கிறார்கள். தேனைப் புண்மேல் நேரடியாக ஊற்றாமல் கட்டின்மேல் பரப்பி வைக்க வேண்டும். ஊற்றினால் உடல் சூட்டில் இளகி வழிந்துவிடும். முதல் சில நாள் கசிவைப் பார்த்துத் தினமும் மாற்ற வேண்டியிருக்கும். கசிவு குறைந்தபின் இடைவெளியைக் கூட்டலாம். வைத்தவுடன் சுருக்கென்று எரிவது தேனின் அமிலத்தால்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கோக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு 26 சோதனைகளைப் பார்த்தது. மேலோட்டமான தீக்காயத்திலும், அறுவை சிகிச்சைக்குப் பின் கிருமி பிடித்த புண்ணிலும் தேன் விரைவாக ஆற்றுவதாகத் தெரிந்தது. சிரைக் கோளாறால் காலில் வரும் புண்ணுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. நீரிழிவுக்காரரின் காற்புண்ணை இந்தக் கட்டுரையை வைத்து யாரும் கையாள வேண்டாம். அவர்கள் உடலில் ஏற்கெனவே எம்ஜிஓ கூடுதலாக உண்டாகிறது. அது புரதங்களில் ஒட்டித் திசுவைக் கெடுக்கும் பொருள் என்பதால், அந்தப் புண்ணில் மேலும் எம்ஜிஓ வைப்பது சரியா என்று ஆய்வாளர்களே கேட்டிருக்கிறார்கள். அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

தொண்டைக்கு

வாயில் வைத்துச் சுவைக்கும்போது எம்ஜிஓ 263 தேன் ஒரு தேக்கரண்டிக்குப் பதினெட்டு மில்லி உமிழ்நீர் வரை தாங்கும். நிமிடத்துக்கு இரண்டு மில்லி உமிழ்நீர் ஊறினால் ஒன்பது நிமிடம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பது நிமிடம் வாயில் தேனை விழுங்காமல் வைத்திருப்பவர் யார்? ஒன்றிரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும். ஆய்வகத் தட்டில் பாக்டீரியாவை அடக்க இரவு முழுக்க விடுகிறார்கள். போதாததற்கு, சளி, தொண்டை வலி, இருமலில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை.

தேன் இருமலுக்கு உதவாது என்று இதற்கு அர்த்தமில்லை. உதவுகிறது. மேல் சுவாசப்பாதைத் தொற்றில் இருமலின் கடுமையையும் அடிக்கடி வருவதையும் தேன் குறைக்கிறது என்று 2020இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 14 ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். தொண்டைச் சுவரில் தேன் படிந்து இதமாக்குவதே இதற்குப் போதுமான காரணம். பிசுபிசுப்புக்கு எம்ஜிஓ தேவையில்லை. ஆகவே தொண்டைக்காக மனுகா வாங்கியே தீர வேண்டுமென்றால் எம்ஜிஓ 263ஐத் தாண்ட வேண்டாம். தேக்கரண்டியில் எடுத்து அப்படியே சப்புங்கள். பின்னால் தண்ணீர் குடிக்க வேண்டாம். மனுகா இல்லாவிட்டாலும் குறையில்லை.

வயிற்றுக்கும் ‘எதிர்ப்புச் சக்தி’க்கும்

இங்கே எனக்குத் தயக்கமே இல்லை: எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள். இரைப்பையில் 200 மில்லி நீர் இருந்தால் எம்ஜிஓ 829 தேன் ஒரு தேக்கரண்டி கொடுப்பது லிட்டருக்கு 28 மில்லிகிராம். அதுவும் உணவிலுள்ள புரதங்களில் ஒட்டிக்கொண்டு சீக்கிரமே தீர்ந்துவிடும். உள்ளே போகும் எம்ஜிஓ உடல் முழுக்கப் பரவிக் கிருமிகளைத் தேடிப் பிடிக்கும் என்பது விளம்பரத்தில் மட்டும் நடப்பது. தினமும் ஒரு கரண்டி என்று பழகியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எந்தத் தரமானாலும் தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான்.

சுவைக்காக வாங்குவது வேறு. மனுகாவுக்கு ஒரு மூலிகை வாசமும் லேசான கசப்பும் உண்டு, பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். அதற்கு எம்ஜிஓ 30+ அல்லது 83+ போதும்.

ஒரே அலமாரியில் நான்கு அளவுகோல்

தரம் முடிவானாலும், புட்டியில் எழுதியிருப்பதை ஒப்பிடுவது தனி வேலை. எல்லா எண்ணும் ஒன்றையே அளப்பதில்லை.

எம்ஜிஓ எண் நேரடியானது. ஒரு கிலோ தேனில் எத்தனை மில்லிகிராம் எம்ஜிஓ என்பதுதான் அது. ஆஸ்திரேலியப் புட்டியானாலும் நியூசிலாந்துப் புட்டியானாலும் பொருள் ஒன்றே. ஆஸ்திரேலியாவில் 80க்கும் மேற்பட்ட லெப்டோஸ்பெர்மம் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் தேனில் எம்ஜிஓ நன்றாகவே இருக்கும். மனுகா என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று இரு நாடுகளும் வழக்காடின. 2023இல் நியூசிலாந்தின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகமே அந்தப் பெயரைத் தன் நாட்டுத் தேனுக்கு மட்டும் முத்திரையாகப் பதிவு செய்ய மறுத்துவிட்டது. பெயர்ச் சண்டை அவர்களுக்கு. மூலக்கூறு எந்த நாட்டில் பிறந்தாலும் மூலக்கூறுதான்.

யூஎம்எஃப் எண், பினால் என்ற கிருமிநாசினியோடு ஒப்பிடும் அளவுகோல். பாக்டீரியா பரப்பிய அகார் தட்டில் குழி தோண்டித் தேனை ஊற்றி, சுற்றிலும் எவ்வளவு தூரம் பாக்டீரியா வளரவில்லை என்று அளந்து, எத்தனை சதவீதப் பினால் கரைசலுக்கு அது சமம் என்று சொல்வது பழைய முறை. யூஎம்எஃப் 10 என்றால் 10 சதவீதப் பினாலுக்குச் சமம். இப்போது எம்ஜிஓவை நேரடியாக அளந்து அந்த எண்ணுக்கு மாற்றுகிறார்கள். இரண்டையும் இப்படி இணைத்துப் படிக்கலாம்:

யூஎம்எஃப் 5+ என்றால் எம்ஜிஓ 83+
யூஎம்எஃப் 10+ என்றால் எம்ஜிஓ 263+
யூஎம்எஃப் 15+ என்றால் எம்ஜிஓ 514+
யூஎம்எஃப் 20+ என்றால் எம்ஜிஓ 829+
யூஎம்எஃப் 25+ என்றால் எம்ஜிஓ 1200+

இது நேர்கோடு இல்லை என்பதைக் கவனியுங்கள். யூஎம்எஃப் 10இலிருந்து 20க்குப் போனால் எம்ஜிஓ இரட்டிப்பதில்லை, மூன்று மடங்குக்கு மேல் போகிறது. ஆகவே ‘யூஎம்எஃப் 20’ புட்டியையும் ‘எம்ஜிஓ 250’ புட்டியையும் விலையில் ஒப்பிடும்போது, இரண்டையும் எம்ஜிஓவுக்கு மாற்றி, நூறு கிராமுக்கு என்ன விலை என்று போட்டுப் பாருங்கள். வெறும் எண்ணைப் பார்த்தால் 250 பெரிதாகத் தெரியும். உண்மையில் அது மற்றதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. யூஎம்எஃப் முத்திரைக்கு எம்ஜிஓ தவிர இன்னும் மூன்றைச் சோதிக்கிறார்கள்: டிஎச்ஏ, லெப்டோஸ்பெரின், எச்எம்எஃப். பின்னிரண்டும் என்ன என்று கீழே பார்ப்போம். இதனால் ஒரே எம்ஜிஓ அளவில் முத்திரையுள்ள புட்டிக்குச் சற்றுக் கூடக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. என்பிஏ, அதாவது பெராக்சைடு சேராத வீரியம், என்று போட்டிருந்தால் அதுவும் இதே பினால் அளவுகோல்தான்.

கே ஃபாக்டர் என்பது முக்கியமாக மகரந்தத்தைச் சார்ந்த தரம். எம்ஜிஓவை அது சொல்வதில்லை. மகரந்தத்தை நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. மனுகாவின் நெருங்கிய உறவான கானுகா அதே நாட்டில் வளர்கிறது. நுண்ணோக்கியில் இரண்டின் மகரந்தத்தையும் பிரித்துச் சொல்வது மிகக் கடினம். கானுகாத் தேனில் எம்ஜிஓ பெயருக்குத்தான் இருக்கும்.

நான்காவதுதான் ஏமாற்றும் வகை: ‘ஆக்டிவ் 20+’, ‘பயோ 15+’, ‘டிஏ 10+’. டிஏ என்பது மொத்த வீரியம். பெராக்சைடையும் சேர்த்துக் கணக்கிட்டது. அந்த 10, யூஎம்எஃப் 10 ஆகாது. வெறும் ‘ஆக்டிவ்’ என்றால் எதை அளந்தார்கள் என்றே தெரியாது. எண்ணுக்கு முன்னால் எம்ஜிஓ, யூஎம்எஃப், என்பிஏ இவற்றில் ஒன்று இல்லாவிட்டால் அந்தப் புட்டியைச் சாதாரணத் தேன் விலையில் மட்டுமே வாங்குங்கள்.

சான்றிதழைப் படிப்பது

எம்ஜிஓ எண் உண்மையாகவே இருந்தும் தேன் பொய்யாக இருக்க முடியும். எம்ஜிஓவும் டிஎச்ஏவும் தொழிற்சாலையில் தயாராகும் பொருள்கள். மலிவான தேனில் கலந்தால் எண் ஏறிவிடும். அதனால்தான் நியூசிலாந்து அரசின் முதன்மைத் தொழில்கள் அமைச்சகம் ஏற்றுமதிக்காக 2018இல் கொண்டுவந்த மனுகா வரையறையில் எம்ஜிஓவே இல்லை. செடியிலிருந்து வரும் நான்கு வேதிப்பொருள்களும் மனுகா மகரந்தத்தின் டிஎன்ஏவும்தான் அந்த வரையறை. அதில் 3-ஃபீனைல்லாக்டிக் அமிலம் கிலோவுக்கு 400 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரே பூவின் தேன். 20க்கு மேல் 400க்குள் என்றால் பல பூக்கள் கலந்த மனுகா. புட்டியில் ‘மோனோஃப்ளோரல்’, ‘மல்ட்டிஃப்ளோரல்’ என்று எழுதியிருப்பது இதைத்தான். ஆக, வரையறை ‘இது மனுகாவா’ என்பதைச் சொல்கிறது, எம்ஜிஓ ‘எவ்வளவு வீரியம்’ என்பதைச் சொல்கிறது. புட்டியில் இரண்டும் இருக்க வேண்டும்.

நல்ல விற்பனையாளர்கள் புட்டியின் தொகுதி எண்ணைக் கொடுத்தால் ஆய்வறிக்கையைக் காட்டுவார்கள். அதில் பார்க்க வேண்டியவை குறைவுதான். லெப்டோஸ்பெரின் மனுகாவின் மதுவில் இயற்கையாக இருக்கும் பொருள். போலியாகச் சேர்ப்பது எளிதல்ல, வைத்திருந்தாலும் அதிகம் மாறாது. எம்ஜிஓ உயரத்தில் இருந்து லெப்டோஸ்பெரின் மட்டும் தரையில் கிடந்தால் வாங்காதீர்கள். அடுத்து டிஎச்ஏவை எம்ஜிஓவோடு ஒப்பிடுங்கள். டிஎச்ஏ பல மடங்கு கூடுதலாக இருந்தால் தேன் இளசு, எம்ஜிஓ இன்னும் ஏறும். இரண்டு மடங்குக்குக் கீழே வந்துவிட்டால் ஏறுவதற்கு அதிகம் மிச்சமில்லை.

மூன்றாவது எச்எம்எஃப், அதாவது ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுரல். தேன் சூடுபட்டதற்கும் பழசானதற்கும் சாட்சி அது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தில் உச்சவரம்பு கிலோவுக்கு 40 மில்லிகிராம், வெப்ப மண்டலத் தேனுக்கு 80. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வைத்த தரமும் 80. மனுகா வியாபாரத்தில் இது முக்கியமான தடயம். டிஎச்ஏ சீக்கிரம் எம்ஜிஓவாக மாறட்டும் என்று சூடான அறையில் டிரம்களை வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். சூட்டில் எம்ஜிஓ ஏறும், கூடவே எச்எம்எஃபும் ஏறும். எம்ஜிஓ உயரத்தில் இருந்து எச்எம்எஃப் 40ஐ முட்டிக்கொண்டிருந்தால், அந்த எண் பொறுமையால் வந்ததில்லை.

மனுகாவுக்கு மாற்று

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா மரத் தேனைச் சிலர் மனுகாவோடு வைத்து விற்கிறார்கள். அதன் பலம் பெராக்சைடு. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற தேனீ நொதி, தேனில் ஈரம் சேரும்போது குளுக்கோஸிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். ஆகவே எம்ஜிஓவுக்கு நேர்மாறாக, சிறிது நீர்த்தால்தான் இது விழிக்கும். குறை இரண்டு: சூட்டிலும் வெளிச்சத்திலும் நொதி கெடும், நம் திசுக்களிலும் இரத்தத்திலும் இருக்கும் கேட்டலேஸ் பெராக்சைடை உடைத்துவிடும். ஒரு வேடிக்கை, மனுகாவில் இருக்கும் எம்ஜிஓ இந்தக் குளுக்கோஸ் ஆக்சிடேஸையே முடக்கிவிடுகிறது. அதனால் உயர்ந்த எம்ஜிஓ தேனில் பெராக்சைடு குறைவு. இரண்டு வீரியமும் ஒரே புட்டியில் முழுசாகக் கிடைக்காது.

நம் பக்கத்துத் தேனுக்கும் இதே பெராக்சைடு வழிதான். அதைக் காப்பதும் கெடுப்பதும் எடுப்பவர் கையில் இருக்கிறது. மார்த்தாண்டம் பக்கம் அடுக்குத் தேனீப் பெட்டிகளில் ரப்பர் மரத் தளிர்க்காலத்தில் எடுக்கும் தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிவிடுவது வழக்கம். எஃப்எஸ்எஸ்ஏஐ வரம்பே 20. அடையை முழுக்க மெழுகு மூடும்முன் எடுத்தால் ஈரம் இன்னும் கூடும்; தேன் புளிக்கும். புளிக்காமல் இருக்கக் காய்ச்சுவார்கள், காய்ச்சினால் நொதி போகும். எனவே உள்ளூரில் வாங்கும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: சூடு காட்டினார்களா, எத்தனை டிகிரிக்கு? மூடிய அடையிலிருந்து எடுத்து, வடிகட்டியதோடு நிறுத்திய தேன் கிடைத்தால் தொண்டைக்கும் காலை உணவுக்கும் மனுகாவைத் தேட வேண்டியதில்லை. விலையும் பல மடங்கு குறைவு.

வீட்டுக்கு வந்த பிறகு

குளிர்நாட்டுக் கணக்கில் அச்சிட்ட காலாவதித் தேதியை நம் வெயிலில் அப்படியே நம்ப முடியாது. 30 டிகிரியில் 100 முதல் 300 நாளில் தேனில் எச்எம்எஃப் கிலோவுக்கு 30 மில்லிகிராம் சேர்ந்துவிடும். 40 டிகிரியில் அதற்கு 20 முதல் 50 நாள் போதும். ஏப்ரல், மே மாதங்களில் சென்னையிலோ மதுரையிலோ அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்தால் இரண்டாவது கணக்குதான் பொருந்தும். 500 கிராம் மலிவு என்று வாங்காமல் 250 கிராம் வாங்குங்கள். உற்பத்தித் தேதியைப் பார்த்து, இடையில் ஒரு வருடம் கிடங்கில் கிடந்ததைத் தவிருங்கள். அடுப்பிலிருந்து தள்ளி, இருட்டான இடத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் கெடாது, இறுகும், அவ்வளவுதான். கரண்டி காய்ந்திருக்க வேண்டும்.

மனுகா புட்டியைத் திறந்து பார்த்து, வெண்ணெய் போல இறுகியிருக்கிறதே, சர்க்கரைப் பாகு கலந்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டு வெந்நீரில் இறக்காதீர்கள். பல புட்டிகளில் தேனை வேண்டுமென்றே நைசாக உறையவைத்துத்தான் அடைக்கிறார்கள். உறையாத மனுகாவும் அசையாமல் வைத்தால் கூழ் போல் கெட்டியாகும். எடுக்கும்போதே அடையிலிருந்து எளிதில் வராததால் ஊசிகளால் குத்திக் கலக்கிய பிறகுதான் இயந்திரத்தில் சுற்றுகிறார்கள். காய்ந்த கரண்டியால் நாலு சுற்றுக் கிண்டுங்கள், இளகிவிடும். மூடி வைத்தால் சற்று நேரத்தில் மறுபடி இறுகும்.